எட்டு நிமிட நோயாளி

மகன்,

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைசியாக ஒரு முழுக் கடிதம் எழுதியது இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்தில். அதற்குப் பிறகு கையெழுத்து வைக்க மட்டும்தான் பேனை பிடித்திருக்கிறேன். வரி ஏறி இறங்கிக் கிடந்தால் பொறுத்துக்கொள். இதைப் போனில் சொல்ல மூன்று தரம் தொடங்கினேன். நீ உடனே "என்னம்மா குரல் ஒரு மாதிரிக் கிடக்கு, சாப்பிட்டியளா?" என்று கேட்பாய். நான் "ஓம் மகன், சாப்பிட்டனான்" என்று சொல்லி வைத்துவிடுவேன். உன் முகம் போனில் தெரியும்போது என் வாய் திறக்கிறதில்லை. அதனால் எழுதுகிறேன். கோயிலில் மாதம் ஒரு தரம் அடிக்கிற இதழுக்கும் இதில் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். கோபிக்காதே. ஏன் கொடுத்தேன் என்று வாசிக்க வாசிக்க விளங்கும்.

போன கிழமை நீ சொன்னாய்: "இனி நான் அந்தச் சோதினைக்குப் போகேல்ல அம்மா. இந்த வேலையே போதும். பெத்த தகப்பன் முன்னால இருந்து நெஞ்சு நோகுதெண்டு சொல்ல, நல்லா நடிக்கிறியள் எண்டு சிரிச்சவன் நான். நான் ஆருக்கு வைத்தியம் பாக்கிறது?" அதற்கு நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து நீ போனை வைத்துவிட்டாய். நான் அழவில்லை மகன். நான் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

ஊரிலும் இதே கதைதான். அப்பாவின் செத்தவீட்டு நாளில் உனக்குக் காட்டுவதற்காகப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடம் நீ அழுது அழுது அதைச் சொன்னாய் அல்லவா, அது அன்றைக்கே வங்காலை முழுக்கப் போய்விட்டது. "டொக்டர் மகன் இருந்தும் என்ன, தகப்பன்ர நோவைப் பகிடியெண்டு நினைச்சுப்போட்டான்" என்று மீன் நிறுக்கும் இடத்தில் என் காதுபடவே கதைத்தார்கள். கோயில் வாசலில் ஒருத்தி என் கையைப் பிடித்து, "லண்டன் படிப்பு வீட்டுக்கு உதவேல்லையே" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். அவள் நான் கவலையில் குனிகிறேன் என்று நினைத்திருப்பாள்.

நீ பட்ட பாட்டை நான் முழுக்க அறியேன். எனக்கு விளங்கினதைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் அத்தனை வருடம் படித்தாய். ஒரு வருடம் பயிற்சி செய்தாய். பிறகு வார்ட்டில் நின்று வேலை செய்தாய். மருந்தும் பெற்றோலும் இல்லாத அந்த வருடத்தில், மருமகளுக்குத் தாதி வேலை கிடைத்து அவளோடு இங்கிலாந்துக்குப் போனாய். அங்கே போனதும் நீ டொக்டர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். முதலில் இங்கிலீசுச் சோதனை. பிறகு உன் பட்டத்தையும் கடதாசிகளையும் உண்மையா என்று படித்த இடத்துக்கே எழுதிக் கேட்டார்கள். பிறகு எழுத்துச் சோதனை. அதிலும் பாஸ் பண்ணினாய். அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசிச் சோதனை, ஆட்களை வைத்துச் செய்கிற சோதனை. அது முடியும்வரை முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டினாய். அதை அப்பாவுக்கு மட்டும் சொன்னாய். எனக்குச் சொல்லவில்லை, நான் ஊருக்கெல்லாம் "லண்டனில டொக்டர்" என்று சொல்லித் திரிந்ததால். அப்பா அதை என்னிடம் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு இல்லை. "நாங்கள் கிழடாகேக்க எங்களக் குளிப்பாட்டப் பழகிறான், விடு" என்று சிரித்தார்.

அந்தக் கடைசிச் சோதனையை நீ எனக்கு விளங்கப்படுத்தியபோது நான் நம்பவில்லை. வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் நோயாளி போல நடிக்க ஒரு ஆள். எட்டு நிமிடம். மணி அடித்தால் வெளியே வந்து அடுத்த அறைக்குப் போக வேண்டும். மருத்துவம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆளோடு எப்படிக் கதைக்கிறாய் என்றும் ஒருவர் பக்கத்தில் இருந்து புள்ளி போடுவார். முதல் தரம் நீ தவறியது அதில்தான். "எனக்கு நோயெல்லாம் தெரிஞ்சதம்மா. கதைச்ச விதம் சரியில்லையாம்" என்றாய். எப்படிச் சரியாக இருக்கும்? இங்கே வார்ட்டில் நூறு பேர் வரிசையில் நிற்க, நிமிர்ந்து பார்க்க நேரமில்லாமல் எழுதிப் பழகின பிள்ளை நீ.

அதனால்தான் எங்களை நோயாளி ஆக்கினாய். "முதல்ல தமிழில இந்தக் கதை வாய்க்கு வரட்டும், பிறகு இங்கிலீசில தானா வரும்" என்றாய். ஞாயிற்றுக்கிழமை அப்பா கடல்தொழிலுக்குப் போவதில்லையே. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கதிரையைச் சன்னலடியில் போட்டு, போனை மா போட்டு வைக்கிற பேணியில் சாய்த்து வைப்போம். உனக்கு அப்போது அங்கே காலை. நீ யாரோ தெரியாத ஆள் போல, "வணக்கம், நான் டொக்டர். உங்கள எப்பிடிக் கூப்பிட விருப்பம்?" என்று தொடங்குவாய்.

"இஞ்ச பாரடி, பெத்த தகப்பனிட்டப் பேர் கேக்கிறான். படிப்பிச்சதுக்கு நல்ல பலன்!"

"அப்பா, விளையாடாதேங்கோ. நேரம் ஓடுது."

"சரி டொக்டர், என்னைச் சம்மாட்டியார் எண்டு கூப்பிடுங்கோ."

ஒற்றை வள்ளம் வைத்திருந்த மனுசன் தன்னைப் பத்து வள்ளத்துக்காரன் ஆக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கோ சம்மாட்டியார், என்ன செய்யுது?" என்று கேட்பாய். அவர் இளவயதில் கோயில் கூத்தில் ராசா வேடம் கட்டினவர். வயிற்றுக்குத்து என்றால் கதிரையிலிருந்து கீழே விழப் பார்ப்பார். எனக்கு நடிப்பு வரவில்லை. பித்தப்பையில் கல் என்று நீ எனக்கு வேடம் தந்த நாளில், நீ வாய் திறக்க முதலே, "எனக்குப் பித்தப்பையில கல்லு மகன், ஒப்பரேசன் செய்ய வேணும்" என்று சொல்லிப்போட்டேன். "அம்மா! அத நான்தானே கண்டுபிடிக்க வேணும்" என்று கத்தினாய். "நீ கஷ்டப்படக் கூடாதெண்டு சொன்னனான்" என்றேன். அப்பா அன்று பின்னேரம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒன்று சொல்கிறேன். நீ கேட்கிற அந்தக் கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. "உங்களுக்கு மனசில என்ன பயம்?" என்று கேட்பாய். "வேறை ஏதும் சொல்ல இருக்கா?" என்று முடிப்பாய். என் வயதுக்கு ஒரு வைத்தியரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முகாமில் உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்தபோது, பாயில் கிடந்து வலிப்பில் கை கால் இழுத்தாய். விடிய உன்னைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். அங்கே இருந்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல் குளிசை எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இழுத்ததை அவர் கேட்கவில்லை. கேட்காததைப் பெரிய ஆட்களிடம் நாமாகச் சொல்லக் கூடாது என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் திரும்பவும் இழுத்து நீலமாகப் போனாய். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவர் அப்பா. வழி முழுக்க, "ஏனடி சொல்லேல்ல, ஏனடி சொல்லேல்ல" என்று என்னை ஏசிக்கொண்டே ஓடினார். அன்றைக்கு நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ அப்பாவுக்குத் தந்த வேடம் வயிற்றுக்குத்து. அவர் அன்றைக்கு வழமை மாதிரி வெறும் மேலோடு வந்து இருக்கவில்லை. பூசைக்குப் போட்ட சேட்டைக் கழற்றாமல் பொத்தான் எல்லாம் பூட்டிக்கொண்டு வந்து இருந்தார். உண்மையான டொக்டரிடம் போகிற ஆள் மாதிரி. நான் அதைக் கண்டேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

"வள்ளம் தள்ளேக்க நடு நெஞ்சில ஆரோ கல்லைத் தூக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு டொக்டர். இடது கை விறைக்குது. தள்ளாம நிண்டா விட்டிரும். திரும்பித் தள்ளினாத் திரும்பி வரும்."

"எவ்வளவு நாளா இப்பிடி இருக்கு ஐயா?"

"சோளகக் காத்துப் பிறந்த நாளிலயிருந்து."

"வேர்க்குதா?"

"கடல்ல நிக்கிறவன்ர வேர்வையை ஆர் கண்டது?"

"உங்களுக்கு மனசில என்ன பயம்?"

அதற்கு அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு பிள்ளை படிச்சுக்கொண்டிருக்கிறான். அது முடியுமட்டும் நான் நிக்க வேணும். வேறை ஒரு பயமும் இல்லை."

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவில்லை என்கிறாய். சிரித்தது மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்கிறாய். எனக்கு முழுவதும் நினைவில் இருக்கிறது. நீ சிரித்தது மணி அடித்த பிறகு. மணி அடிக்க முதல் நீ சொன்னது இது: "ஐயா, நீங்கள் சொல்லுறதப் பாத்தா இதயத்துக்குப் போற இரத்தம் குறையிற மாதிரிக் கிடக்கு. பயப்படுத்தச் சொல்லேல்ல, ஆனா பிந்தக் கூடாது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சீ.ஜி. எடுக்க வேணும். அதுவரைக்கும் வள்ளம் தள்ளக் கூடாது. வேறை ஏதும் சொல்ல இருக்கா?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உன்னைப் பார்த்து, "இல்லை டொக்டர்" என்றார். உன் போன் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் நீ சிரித்தாய். "அப்பா, நான் வயித்துக்குத்தெல்லோ சொன்னனான், நீங்கள் கதையை மாத்திப்போட்டியள்! ஆனா அந்த மாதிரி நடிச்சியள். அசல் நோயாளி கெட்டான்." "கூத்தாடின உடம்படா" என்று அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பினாய். அதற்காகத்தானே அவர் சிரித்தார்.

நீ போனை வைத்ததும் நான் குசினிக்குள் போனேன். அவர் பின்னாலே வந்து கதவு நிலையில் சாய்ந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். "கேட்டியே? ஒண்டையும் விடாமக் கேட்டவன். கை விறைக்கிறதுக்கு முகத்தைச் சுருக்கினவன், கண்டியே? இந்த முறை பாஸ் பண்ணுவான்" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப அது நடிப்பில்லையே?" என்று கேட்டேன்.

"கத்தாதை."

"பிள்ளை இண்டைக்கே போகச் சொன்னவனல்லோ."

"பிள்ளை நோயாளிக்குச் சொன்னவன். எனக்கில்லை."

நான் போனை எடுக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார். "சோதினைக்கு மூண்டு கிழமை கிடக்கு. அது முடிஞ்ச அண்டைக்கே நான் பஸ் ஏறி மன்னாருக்குப் போறன். இப்ப சொன்னியெண்டா அவன் எல்லாத்தையும் போட்டிட்டு அடுத்த பிளேனில வந்து நிப்பான். போன தரம் போன மாதிரி இதுவும் போயிடும். நாலு தரம்தான் விடுவாங்களாம். பிள்ளையின்ர வாழ்க்கையில நான் குறுக்க நிக்கேலாது" என்றார். மாதா படத்தைக் காட்டிச் சத்தியம் கேட்டார். நான் செய்து கொடுத்தேன்.

மகன், இதுதான் நான் உனக்கு ஒளித்தது. அவர் நடிக்கவில்லை என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பத்தொன்பது நாள் தெரியும். உள்ளிப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். நெஞ்சுக்கு எண்ணெய் பூசினேன். "வாயுவாத்தான் இருக்கும்" என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன், இருவருக்கும் அது வாயு இல்லை என்று தெரியும். ஒரு நாள் அவர் தொழிலுக்குப் போன பிறகு போனில் குரல் பதிகிற பொத்தானை அமத்தி, "மகன், அப்பாவுக்கு உண்மையாவே நெஞ்சு நோகுது" என்று சொல்லி முடித்தேன். பிறகு, நீ படிக்கிறாயே என்று அழித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். பெருவிரல். வேறு ஒன்றும் இல்லை, ஒரு அமத்து.

இருபதாம் நாள் காலை வள்ளத்தைத் தள்ளும்போது, "கொஞ்சம் இருங்கோடா" என்று கூட நின்றவர்களிடம் சொல்லிவிட்டு மணலில் இருந்தாராம். பிறகு எழும்பவில்லை. ஆட்டோவில் அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் உன் வயது டொக்டர்ப் பிள்ளை ஒன்று, அவரின் நெஞ்சை அமத்திக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, முந்தி எப்பவாவது நெஞ்சு நோவெண்டு சொன்னவரா?" என்று கேட்டது. எவ்வளவு அவசரத்திலும் கேட்டது. அப்போதும் நான், "இல்லை" என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்காதே. சத்தியம் வாயில் அப்படியே நின்றுவிட்டது போல. சொல்லியிருந்தாலும் நேரம் கடந்துவிட்டது என்று பிறகு அந்தப் பிள்ளை சொன்னது. அதை வைத்து நான் தப்ப முடியாது. பத்தொன்பது நாளுக்கு முதல் நேரம் கடக்கவில்லை.

அடுத்த நாள் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தோம். நீ போனில் பார்த்தாய். அதற்கு அடுத்த நாள் உனக்குச் சோதனை. "அப்பா அதுக்காகத்தானே இருந்தவர், போ" என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஐந்தாவது அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வெள்ளைக்கார மனுசன் இருந்ததாகவும், அவரிடம் ஒரு சொல்லும் கேட்க முடியாமல் எட்டு நிமிடமும் நின்றுவிட்டு வந்ததாகவும், அந்தத் தரமும் தவறிவிட்டதாகவும் சொன்னாய். அந்த அறைக்குள் உன்னை அனுப்பினதும் நான்தான். உண்மையைச் சொல்லி அனுப்பியிருந்தால் நீ நின்றிருப்பாயா, விழுந்திருப்பாயா, எனக்குத் தெரியாது. ஆனால் இல்லாத ஒரு குற்றத்தைச் சுமந்துகொண்டு போயிருக்க மாட்டாய்.

இதைக் கோயில் இதழுக்குக் கொடுத்த காரணம் இதுதான். ஊர் உன்மேல் போட்டதை ஊருக்கு முன்னாலேயே நான் எடுக்க வேண்டும். இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: என் மகன் எட்டு நிமிடத்தில் கண்டுபிடித்தான். சரியாகச் சொன்னான். போகாதவர் என் மனுசன். வாய் பொத்தியிருந்தவள் நான். இனி மீன் நிறுக்கும் இடத்தில் யாரும் கதைப்பதென்றால் என்னைப் பற்றிக் கதைக்கட்டும். எனக்கு அது பாரமில்லை. பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்துக்கொண்டு, "அவனுக்குச் சொல்லாதேங்கோ, யோசிப்பான்" என்று நோயை ஒளித்து வைத்திருக்கிற வீடுகள் இந்த ஊரில் எத்தனை என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பாசம் என்று நினைக்கிறோம்.

அப்பா மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும். எனக்கும் வருகிறது. காலையில் தேத்தண்ணி ஆற்றும்போது இரண்டு கோப்பையை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைக்கும்போது வருகிறது. பிறகு அந்தப் பூட்டின சேட்டு நினைவுக்கு வரும். எனக்கு ஒரு எண்ணம் இருக்கிறது மகன். உன்னைச் சோதித்துப் பார்க்க மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. தன் நோவை யாரிடமாவது சொல்ல வேண்டும், அதைத் தன் பிள்ளை கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். அதை நீ கேட்டாய். அவர் ஒருநாளும் ஒரு டொக்டருக்கு முன்னால் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

நீ அங்கே போன புதிதில், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று கொழும்பு மருத்துவ சபைக் கந்தோரில் கொடுத்த கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பினாய். அப்பா அதைப் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கொண்டுபோய்த் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். அந்தக் கடிதம் எழுதினவர்கள் உன்னைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தவள். அந்த எட்டு நிமிடமும் பக்கத்தில் இருந்து பார்த்தவள். என் கடிதத்தை எந்தச் சபையும் ஏற்காது. நீ ஏற்றுக்கொண்டால் போதும்.

சோதனைக்குப் போ என்று நான் கெஞ்சவில்லை. களைத்துப் போனேன் மகன், ஒருவரையும் தள்ளிவிட என்னிடம் பெலன் இல்லை. இன்னும் இரண்டு தரம் விடுவார்கள் என்கிறாய், எழுத்துச் சோதனையில் பாஸ் பண்ணினதும் குறித்த காலம்வரைதான் செல்லும் என்கிறாய். போவதும் விடுவதும் உன் விருப்பம். ஆனால் விடுவதென்றால், அப்பாவின் நோவைக் கேட்காமல் இருந்தேன் என்ற காரணத்துக்காக விடாதே. அது பொய்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்த பிறகு வருகிற ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிய, கதிரையைச் சன்னலடியில் போட்டு வைப்பேன். மாப்பேணியும் அங்கேதான் இருக்கிறது. நீ எடுத்தால் எடு. எடுத்தால் எனக்கு ஒரு வேடமும் தராதே. முதலிலிருந்து கேள், என்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதிலிருந்து. இரண்டு மாதமாக எழும்பும்போது தலை சுற்றுகிறது, ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தும் விட்டேன். அதையும் உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் கேட்டு முடிய, "வேறை ஏதும் சொல்ல இருக்கா?" என்று கேட்பாய் அல்லவா, அதை மட்டும் விட்டுவிடாதே. நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா